என் வயிற்றின்மேல் நடந்த வழக்கு

முதியோர் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்களுள் நீரடைப்பு ஒன்று. கண்ணில் புரை விழுந்தால் தெருவே உசாவும்; மூட்டு வீங்கினால் வருவோர் போவோர் எல்லாம் எண்ணெய் சொல்வர். அடிவயிற்றில் நீர் தேங்கி, கழிக்கவும் இயலாமல் அடக்கவும் இயலாமல், ஒருவன் கொல்லைச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லாமல் இருந்தோருள் நானும் ஒருவன். என்போல் இன்னும் பலர் இவ்வட்டாரத்தில் இருப்பர் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன். எழுதிய தாள்களைப் பழைய நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, என் காலத்துக்குப் பின்னரே அச்சேற்றுமாறு கேட்டுக்கொண்டுள்ளேன். என் மனைவி ஞானம்மாள் அதற்குமுன் இதனைப் படித்தல் ஆகாது.

இராசபாளையத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறமொழிச் சொல் கலவாமல் பேசுவதென்று நடு அகவையில் உறுதி பூண்டேன். அதனால் பட்ட எள்ளல் கொஞ்சமன்று. "அய்யா, ரயிலு எப்ப வரும்?" என்று வேண்டுமென்றே கேட்டு, நான் விடைசொல்லி முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் இளைஞர் கடைத்தெருவில் எப்போதும் இருந்தனர். ஆங்கிலம் எனக்கு அறவே தெரியாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உண்மை வேறு. இளமையில் மறைநூலை ஆங்கிலத்திலும் தமிழிலும் அருகருகே வைத்து, வரிவரியாக ஒப்பிட்டுப் படித்தவன் நான். வெள்ளைக்காரப் போதகர்களின் உரைகளைப் பல்லாண்டு கேட்டதனால் செவியும் பழகியிருந்தது. நாவுதான் பழகவில்லை. ஞானம்மாள் ஒருத்திக்கே இது தெரியும்.

போரின் கடைசி ஆண்டில், சித்திரை வெயிலில், ஒருநாள் காலை எனக்கு முற்றாக அடைத்துக்கொண்டது. நண்பகலுக்குள் அடிவயிறு கல்லாயிற்று. தெருக்கோடி மருந்துக் கடையில் முன்பு மருந்து கலப்பவராக இருந்து, ஊரார் வாயில் 'கம்பவுண்டர்' ஆன ஒருவர் வந்து குழாயொன்றைச் செலுத்திப் பார்த்தார். நீர் வரவில்லை, குருதி வந்தது. "எனக்குப் பயமாருக்கு வாத்தியாரய்யா, சீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைக் கழுவக்கூட நில்லாமல் அவர் போனார்.

போர்க்காலமாதலின் கல்லெண்ணெய் அரிதாகியிருந்தது. ஊருக்கு ஊர் ஓடிய உந்துவண்டிகள் பின்புறம் ஓர் அடுப்பைச் சுமந்து, கரியின் ஆவியில் ஓடின. அன்று எங்கள் வண்டியில் கரி பற்றவில்லை. ஓட்டுநர் விசிறியைச் சுழற்றிச் சுழற்றிக் களைத்தார். நான் பின்னிருக்கையில் மடங்கிக் கிடந்தேன்.

"தம்பி, எம்புட்டு நேரம்யா? இவியளுக்கு உசுரு போகுது."

"ஆச்சி, கரி ஈரமாக் கெடக்கு. நான் என்ன, வாயில ஊதவா?"

"ஊதேன். நானும் கூட ஊதுதேன்" என்று ஞானம்மாள் உண்மையாகவே இறங்கிப் போய் அடுப்பருகில் நின்றாள். திரும்பியபோது அவள் முகமெல்லாம் கரி. "ஏங்க, செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க. புடிச்சிட்டா பறந்திரும்" என்றாள். வண்டி பறக்கவில்லை. சாலைப் பள்ளம் ஒவ்வொன்றையும் என் வயிறு அறிந்தது.

திருவில்லிபுத்தூரில் பருத்தி வணிகர் சிலர் கூடி நடத்திய அறநிலை மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கேயே தங்கியிருந்த உள்ளூர் மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றைப் பொறுமையாகச் செலுத்தி நீரை இறக்கினார். வலி நீங்கிய அந்த நொடியில் நான் அழுதேன், நாணமில்லாமல் அழுதேன். நோயை அவர் எளிதாக விளக்கினார். ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றிப் பாக்களவில் ஒரு கோளம் உண்டு. அதற்கு மேனாட்டார் வழங்கும் கிரேக்கப் பெயருக்கு 'முன்னே நிற்பது' என்று பொருளாம். ஆதலின் முன்னிற்கோளம் என்றே எழுதுகிறேன். முதுமையில் அது பருத்து வழியை நெரிக்கும். தேங்கிய நீர் மேலேறிச் சிறுநீரகங்களை அழுத்தி, நாளடைவில் அவற்றைக் கெடுக்கும்.

"இதை ரெண்டு தடவையாத்தான் செய்வாங்க. மொதல்ல தொப்புளுக்குக் கீழே தொளை போட்டு, பையிலேருந்து நேரா ஒரு குழாய வெளிய எடுத்து விடுவாங்க. கிட்னி செத்த இளைப்பாறும். ரத்தத்துல யூரியான்னு ஒரு கழிவு சேந்திருக்கும். அது கொறஞ்சிட்டா ரெண்டாவது ஆப்ரேசன்ல கட்டிய எடுத்திருவாங்க. பொறவு குழாயும் வேண்டாம். ஒரு குடுவையும் வேண்டாம்."

"தாங்கள் செய்வீர்களா?"

"நானா!" என்று அவர் பின்வாங்கினார். "மதுரையிலேருந்து வியாழக்கெழம பெரிய டாக்டர் வருவாரு. அவர் கைபடணும்."

வியாழன்வரை பொதுக்கூடத்தில் கிடந்தேன். சாளரத்தில் மேற்கு மலை தெரிந்தது. குருதியை ஊசியில் எடுத்து, சிறு குப்பியில் அடைத்து, மதுரைக்குச் செல்லும் வண்டியில் அனுப்பினர். அத்தகைய சோதனைக்கு இங்கு வழியில்லை. அடுத்த கட்டிலில் மாடசாமி என்னும் மகாராசபுரத்து உழவர் இருந்தார். குடலிறக்கத்துக்கு அறுவை முடித்துக் கட்டுப்போட்டிருந்தார். இருமினாலும் சிரித்தாலும் அவருக்கு வலிக்கும். ஆயினும் சிரிக்காமல் இருக்கத் தெரியாத ஆள்.

"அய்யாவுக்கு என்ன, கட்டிலுக்கு அடியிலயே கெணறு வெட்டிருக்காக" என்று என் குடுவையைக் காட்டுவார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, சிரிக்க வைக்காதீக அய்யா" என்பார், ஏதோ நான்தான் சிரிப்பு மூட்டியதுபோல. ஞானம்மாள் எனக்கென்று கொண்டுவரும் கஞ்சியில் அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவாள். அவருடைய மருமகள் மாங்காய் கொண்டுவருவாள். அச்சத்துக்கு நடுவே அந்தக் கூடத்தில் அப்படியொரு குடித்தனம் நடந்தது.

வியாழன் வந்தது. பெரிய மருத்துவர் நரைத்த மீசையும் விரைந்த நடையுமாக உள்ளே வந்தார். மதுரையில் பெயர்பெற்ற அறுவை வல்லுநர். இந்த மருத்துவமனையில் சம்பளமின்றிக் கிழமைக்கொருநாள் பணிசெய்தார். உடன் ஓர் இளைய அறுவை மருத்துவரும் வந்திருந்தார். என் அட்டையைப் பார்த்தபடியே பெரியவர் உள்ளூர் மருத்துவரிடம் கேட்டார்:

"பண்டிதருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஒரு வார்த்தகூட வராது சார். கேட்டாலே கோவப்படுவாரு."

கூடத்தில் சிலர் நகைத்தனர். மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்ட பேச்சு அது.

முதுகந்தண்டில் ஊசி குத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தனர். அம்முறையில் நினைவு போகாது. வலி மட்டும் போகும். என் மார்பின் குறுக்கே ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினர். திரைக்கு அப்பால் என் வயிறு. இப்பால் நானும், என் தலைமாட்டில் நின்ற செவிலிப் பெண்ணும். கருவிகளின் ஒலி எழுந்தது. பிறகு இருவரும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினர். அவர்கள் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"அந்தக் குழுவின் வினாத்தாள் உனக்கும் வந்ததா?" என்றார் பெரியவர்.

அந்நாளில் அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. நாடு முழுமைக்கும் மருத்துவத்தை எவ்வாறு ஒழுங்குசெய்வது, பொருளற்றவர்க்கும் அது கிட்டச் செய்வது எங்ஙனம் என்று மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டுவந்தது. செய்தித்தாளில் நானும் படித்திருந்தேன்.

"வந்தது. விடையும் எழுதிவிட்டேன்" என்றார் இளையவர். "சிற்றூர்களுக்கு மருத்துவ நிலையம் வேண்டும், மாவட்டந்தோறும் அறுவை மருத்துவர் வேண்டும், எல்லாரும் அரசுச் சம்பளத்தில் முழுநேரமும் இருக்கவேண்டும் என்று."

"தனியே நோயாளியைப் பார்க்கக் கூடாது?"

"கூடாது."

"உனக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை, அல்லவா? பஞ்சு வை. அழுத்து." யாரோ மெல்லச் சிரித்தனர். "நான் சொல்வதைக் கேள். மற்ற நாளெல்லாம் மதுரையில் ஆலை முதலாளிகளின் வயிற்றைத் திறக்கிறேன். அதனால்தான் வியாழன்தோறும் இங்கே வந்து ஒன்றும் வாங்காமல் இந்தத் தமிழாசிரியரின் வயிற்றைத் திறக்க முடிகிறது. முதலாளியை என்னிடமிருந்து பிடுங்கினால் இவரும் போய்விடுவார். குழுவில் இருப்பவர்களுக்கு இது விளங்காது."

"இவர் உங்களிடம் வந்துசேர எத்தனை ஆண்டாயிற்று என்பதும் அவர்களுக்கு விளங்கவேண்டும். இவருடைய ஊரிலேயே, கூச்சப்படாமல் இவரைப் படுக்கவைத்து விரலால் சோதித்துப்பார்க்கும் ஒரு மருத்துவர் இருந்திருந்தால், இந்த மேசைக்கு இப்படி வந்திருக்கமாட்டார்."

"யார் இருப்பார் அங்கே? நீ இருப்பாயா? வத்திராயிருப்பில் போட்டால் போவாயா? கருவியைக் கொதிக்கவைக்கக் கலமில்லை, விளக்கில்லை, மயக்கமருந்து கொடுக்க ஆளில்லை. தென்னந்தோப்பில் உட்கார்ந்து எதை அறுப்பாய், தேங்காயையா?"

"கலமும் விளக்கும் கொடுக்கவேண்டும் என்பதும் திட்டத்தில் வரும்."

"வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் சம்பளப் பட்டியல் வரும். கத்தி பிடித்த எழுத்தர்களை உண்டாக்குவார்கள். பத்து மணிக்கு வருவான், ஐந்து மணிக்குக் கைகழுவுவான். குருதி நிற்காவிட்டால் அடுத்த வேலைநாளில் பார்ப்பான். நான் வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன்... இதோ, பை. திறக்கிறேன்."

நீர் பீறிட்டு ஏனத்தில் விழும் ஒலி கேட்டது. என்னுடையதுதான் அது என்று அறிந்தேன், உணரவில்லை.

"இங்கே பார். உட்சுவர் முழுதும் கயிற்றுக்கட்டில்போல் வரிவரியாக. எத்தனை ஆண்டு முக்கியிருக்கிறார் பாவம். விரலை விட்டுப் பார்."

"கோளம் பெரிதுதான். ஆனால் எளிதில் பெயர்ந்து வந்துவிடும்போல் இருக்கிறது. இரண்டாம் முறையில்..."

"வந்துவிடும். அவரும் அதனோடு போய்விடுவார். சோதனையைப் பார்த்தாய் அல்லவா? சிறுநீரகம் கெட்டுவிட்டது. இரண்டாம் முறை என்பது இவருக்கு இல்லை. குழாயைச் சுற்றித் தைத்துவிடு."

"யூரியா குறைந்தால்?"

"போதிய அளவுக்குக் குறையாது. ஓராண்டு ஓடலாம்."

"மனைவியிடம் என்ன சொல்வது?"

"உடம்பு தேறியபின் இரண்டாம் அறுவை என்று சொல். எப்போதும் சொல்வதுதானே. அந்த நம்பிக்கையில் நன்றாகச் சாப்பிடுவார்கள்."

"இவரைப் பற்றியே குழுவுக்கு எழுதலாம்" என்றார் இளையவர்.

"எழுது. நானும் எழுதுவேன். இவ்வளவு கெட்டுப்போனவரையும் ஒன்றும் வாங்காமல் திறந்துபார்க்க ஆள் இருக்கிறான் என்று எழுதுவேன்."

என் தலைமாட்டில் நின்ற செவிலி குனிந்து, "அய்யா, வலிக்கா? கண்ணுல தண்ணி வருதே" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். திரைக்கு அப்பால் இருவரும் உடனே பேச்சை நிறுத்தி, பெரியவர் தமிழில், "இன்னும் கொஞ்சந்தான் பண்டிதரே, பொறுத்துக்கங்க" என்றார். மிகவும் கனிவான குரல் அது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் நான் எண்ணிப்பார்த்தது இதுதான். இருவரும் தீயவர் அல்லர். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. நாட்டுக்கு எது நன்று என்று அறிந்தவர்கள் தத்தம் வழக்கை உரைத்தனர். இரு தரப்பும் என்னையே சான்றாகக் காட்டின. எந்த வழக்கு வென்றாலும் எனக்கு அதில் பங்கில்லை. திட்டம் நிறைவேறினால், அது இன்னும் பிறவாதவர்க்கு உதவும். நிறைவேறாவிடில், வியாழன்தோறும் மருத்துவர் வருவார். வந்து குழாயை மாற்றுவார். மரக்கும் ஊசியின் விறைப்பு கால்களைவிட்டு நீங்கியபோது, வேறொரு விறைப்பு நெஞ்சில் ஏறியது. அது இன்றுவரை இறங்கவில்லை.

ஞானம்மாளிடம் உள்ளூர் மருத்துவர் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தார். அவள் வரும்போதே மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

"ஏங்க, மொத ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சிட்டாம். ஒடம்பு தேறணுமாம், அம்புட்டுத்தான். பொறவு ரெண்டாவது ஒண்ணு, குழாய உருவி எறிஞ்சிருவாகளாம். நல்லாச் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரு. நீங்க சாப்பிட மாட்டீக, எனக்குத் தெரியும். நானும் விட மாட்டேன், பாத்துக்கிடுங்க."

நன்றாகச் சாப்பிட்டேன். ஈரல், முட்டை, ஆட்டுக்கால் சாறு என்று அவள் எதைக் கொணர்ந்தாலும் மறுக்காமல் விழுங்கினேன். மாடசாமி வீடு திரும்பும் நாளில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் கட்டிலருகே வந்தார்.

"வாரேன் அய்யா. ஒங்க ரெண்டாவது ஆப்ரேசனுக்கு நான் வந்து பக்கத்துல இருப்பேன். ஏலே மாடசாமின்னு ஒரு சத்தம் குடுங்க, மகாராசபுரத்துலேருந்து ஓடி வந்திருதேன். இப்பத்தான் ஓடலாம்னு சொல்லிட்டாகள்லா!"

அவர் வாயிலைத் தாண்டும்வரை பார்த்திருந்தேன். யாரையும் பற்றாமல் நடந்துசென்றார்.

இளைய மருத்துவர் ஒரு மாலை தனியே வந்து, என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். தொல்லை எப்போது தொடங்கிற்று, ஊரில் யாரிடம் காட்டினீர்கள், ஏன் காட்டவில்லை என்று பணிவோடு கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று நான் அறிவேன். நான் அறிவேன் என்பதை அவர் அறியார். யாவற்றுக்கும் ஒளிக்காமல் விடை தந்தேன். காட்டுவதற்கு ஆளில்லை என்பதைவிட, காட்டுவதற்கு நாணினேன் என்பதே முதன்மை என்றும் சொன்னேன். அதனை அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதமே அவர் போர்ப்படை மருத்துவராகக் கிழக்கெல்லைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்ல உள்ளத்தினர், எங்கிருந்தாலும் வாழ்க.

குழாயோடு வீடு திரும்பினேன். அதனோடு வாழ்வது எப்படி என்று அறிய விரும்புவோர்க்குச் சில சொல்வேன். தொப்புளுக்குக் கீழே, வேட்டி முடிச்சு விழும் இடத்திலேயே, துளை. ஆதலின் வேட்டியை மார்புவரை ஏற்றிக் கட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்கு அப்படிப் போக இயலாது. துளையைச் சுற்றித் தோல் எப்போதும் நனைந்து வேகும். துத்தநாகக் களிம்பு கொஞ்சம் ஆற்றும். குழாயின் நுனியை ஒரு குப்பியில் விட்டு, அக்குப்பியை ஞானம்மாள் தைத்த பையில் இட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வேன். அவள் அந்தப் பைக்கு ஓரத்தில் பூவேலை செய்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "பாக்க நல்லா இருக்க வேண்டாமா?" என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள்? நாற்றம் நமக்கு முன்னே நடந்து செல்லும். பார்க்க வருவோர் தொலைவாகவே அமர்வர். பிறகு வருவதும் குறையும். சில நாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் அடிக்கும். அது நீரில் சீழ் பிடித்ததன் அறிகுறி. கந்தக மாத்திரையில் தணியும், கிடைத்தால். போர்முனையில் புண்பட்டவர்க்குப் புதுமருந்தொன்று தருகிறார்கள் என்றும், அது இத்தகைய காய்ச்சலை அவித்துவிடும் என்றும் சொன்னார்கள். அது எங்களைப் போன்றோர்க்கு வரவில்லை.

குழாயை மாற்ற மாதமொரு வியாழன் திருவில்லிபுத்தூர் சென்றேன். ஒவ்வொரு முறையும் பெரியவர், "தேறிட்டு வர்றீங்க" என்பார். ஒவ்வொரு முறையும் ஞானம்மாள், "அப்ப ரெண்டாவது எப்பங்க டாக்டர்?" என்பாள். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று அவர் அடுத்தவரை அழைப்பார். எனக்குள் ஒரு மூலையில், அன்று அவர் சொன்னது பிழையாகப் போயிருக்கலாம், யூரியா குறைந்திருக்கலாம் என்றொரு நப்பாசை இருந்ததையும் மறைக்கமாட்டேன். ஐப்பசியில் மீண்டும் குருதி எடுத்து அனுப்பினர். முடிவு வந்திருந்த வியாழனன்று, குழாய் மாற்றும் சிற்றறையில் நானும் பெரியவரும் மட்டும் இருந்தபோது, கேட்டுவிட்டேன்.

"ஐயா, அன்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதை இன்று தமிழில் சொல்லுங்கள்."

"என்னைக்கு?"

"என் வயிறு திறந்திருந்த அன்று. கத்தி பிடித்த எழுத்தர் என்றீர்கள். தென்னந்தோப்பில் தேங்காயை அறுப்பாயா என்றீர்கள்."

கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "இங்கிலீஷ் தெரியாதுன்னு சொன்னாங்களே."

"பேச வராது."

"அதுக்கு அப்புறம் சொன்னதும்...?"

"கேட்டேன்."

அவர் முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். அவ்வளவு நாளில் அவர் என் முன்னிலையில் அமர்ந்தது அதுவே முதல்முறை. "இத்தனை மாசமா ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன்."

அவர் தலை குனிந்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். யூரியா குறையவில்லை, முன்னினும் சற்றே கூடியிருக்கிறது. இரண்டாம் அறுவையை உடம்பு தாங்காது.

"தாங்காவிட்டால் போகட்டும்" என்றேன். "இந்தக் குப்பியோடு ஓராண்டு இருப்பதைவிட அந்த மேசையில் ஒருநாளில் போவது எனக்கு உவப்பு. உயிர் என்னுடையது. செய்யுங்கள்."

"உயிர் உங்களுதுதான் பண்டிதரே. மேசை ஊரோடது." அவர் குரலில் சினம் இல்லை. "உங்களுக்கு முன்னால படுத்திருந்தாரே மகாராஜபுரத்துக்காரர், அவரை இங்க கொண்டுவந்து படுக்கவைக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? கத்தி வச்சா சாவுன்னு ஓடிட்டிருந்த ஜனங்க. நீங்க ஊரறிஞ்ச வாத்தியார். நீங்க அந்த மேசையில செத்தா, இங்கேருந்து மலையடிவாரம் வரைக்கும் ஒருத்தன் வயித்தக் காட்ட வரமாட்டான். பொழைக்கக்கூடிய குடலிறக்கமெல்லாம் வீட்டுலயே சாகும். நான் செய்ய மாட்டேன்."

"சென்னையில், சம்பளத்தில் இருக்கும் மருத்துவர் செய்வாரா?"

"ஒருவேளை செய்வார். செத்தா எழுதி வச்சிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவருக்கு ஊருன்னு ஒண்ணு கிடையாது. அதைத்தான் குழுவுக்கு எழுதினேன்."

"இளையவர் எழுதியது?"

"நீங்க அஞ்சாறு வருஷம் முன்னாடியே ஒரு டாக்டர் கண்ணுல பட்டிருந்தா இந்தப் பேச்சே இல்லன்னு எழுதினான்." துண்டை மடித்து வைத்தார். "அவன் எழுதினதும் சரிதான். முன்ன இப்படி ஒத்துக்க மாட்டேன். ஆனா அவன் கேக்குறது வர்றதுக்குள்ள நானும் இருக்க மாட்டேன், நீங்களும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அந்த வினாத்தாளில் நோயாளியைக் கேட்க இடம் இருந்ததா?"

"இல்ல. டாக்டருங்களுக்கு மட்டுந்தான் அனுப்பினாங்க."

அவர் எழுந்தார். "வீட்டம்மாகிட்ட நானே சொல்லட்டுமா? இத்தனை நாள் மறைச்சது நான்தானே."

"வேண்டா. நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். அப்போது அதனை உண்மையாகவே எண்ணித்தான் சொன்னேன்.

தாழ்வாரத்தில் ஞானம்மாள் காத்திருந்தாள். பெரியவர் அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, உள்ளூர் மருத்துவரிடம் தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியின்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சென்றார். அவள் என் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப என்னமோ இங்கிலீசுல சொல்லிட்டுப் போறாகளே. ஒங்களுக்குத்தான் வெளங்கும்லா. என்ன சொன்னாக?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவேண்டிய சொற்கள் வாயில் திரண்டே இருந்தன.

"தை பிறந்ததும் இரண்டாம் அறுவை செய்துவிடலாம் என்றார்" என்றேன்.

அவள் அந்த இடத்திலேயே, வருவோர் போவோர் நடுவே, கண்ணை மூடிச் செபம் செய்தாள். வண்டியில் வரும்வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வீடு சேர்ந்ததும் நான் படுத்துவிட்டேன். அவள் காலைக்கூடக் கழுவாமல், அடுத்த வீட்டுச் சீதம்மாளைத் தேடிப் போனாள். சீதம்மாள் தெலுங்கு பேசும் அம்மையார். எங்கள் பசுவை அவ்வப்போது பார்த்துக்கொள்பவர். இடைச்சுவர் தாழ்வானது. இருவர் பேச்சும் தெளிவாகக் கேட்டது.

"சீதம்மா, தை மாசம் பத்துப் பதினஞ்சு நாளு பசுவ நீதான் கறக்கணும். நாங்க ஆஸ்பத்திரியில இருப்போம். ரெண்டாவது ஆப்ரேசன் நாளு சொல்லிட்டாக."

"அவுனா! நெசமா? யாரு சொன்னது, கம்பவுண்டரா? அவன் எதையாச்சும் சொல்வான்."

"கம்பவுண்டரா! பெரிய டாக்டரே இங்கிலீசுல சொன்னாரு. எங்க வீட்டுக்காரவுக கேட்டு, எனக்குத் தமிழ்ல சொன்னாக. அவியளத்தான் ஒனக்குத் தெரியுமே. ஒரு வார்த்த கூட்டியும் சொல்ல மாட்டாக, கொறச்சும் சொல்ல மாட்டாக."